"டிரசர்" என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கிருமிநாசினிக்கு முன்னும் பின்னும் ஒரு காயத்தின் வரலாறு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டி யாராவது வீட்டில் இருந்தால், "அந்தக் காலத்துல தோட்டத்து ஆஸ்பத்திரியில யாரு இருப்பாங்க?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். டாக்டர் என்று சொல்ல மாட்டார்கள். "டிரசர் இருப்பாரு" என்றுதான் பதில் வரும். டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் முதலில் போய் நிற்பது டிரசரிடம்தான்.

இந்தப் பெயரை நாம் யோசித்துப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, துணி கட்டுவதை "டிரஸ்ஸிங்" என்பார்கள். பிரிட்டன் மருத்துவமனைகளில் அறுவை மருத்துவருக்குப் பின்னால் நின்று இந்த வேலையைச் செய்த உதவியாளருக்கு "டிரசர்" என்று பெயர். அந்தப் பெயர் கப்பலேறி மலாயாவுக்கு வந்து, ரப்பர் தோட்டத்துத் தமிழில் ஒட்டிக்கொண்டது. அதாவது, தோட்டத்தின் மொத்த மருத்துவத்துக்கும் பெயர் கொடுத்தது புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை.

இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது. கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலத்தில் மனிதர்கள் காயத்தை எப்படிப் பார்த்தார்கள்? தெரிந்த பிறகு என்ன மாறியது? கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த அறிவு வந்து சேர்ந்த பிறகும் தொழிலாளியின் கால் புண் ஏன் ஆறவில்லை? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் போகும் முன் முதல் இரண்டையும் பார்த்துவிடுவோம்.

கிருமி தெரியாது, ஆனால் காயம் தெரியும்

சங்க இலக்கியம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. பதிற்றுப்பத்து 42ஆம் பாட்டில் பரணர், வீரர்களின் மார்பில் தையல் போட்ட வடுவைச் சொல்கிறார். மீன்கொத்திப் பறவை குளத்தில் மூழ்கி எழுவதுபோல, வெள்ளை ஊசி காயத்துக்குள் போய் வெளியே வருகிறதாம். கண்ணால் பார்த்தவர் சொன்ன உவமை மாதிரி இருக்கிறது. புறநானூறு 353இல் புண்ணின் மேல் வைத்த பஞ்சைக்கூட இன்னும் எடுக்காத வீரர்கள் வருகிறார்கள். ஆக, தையலும் பஞ்சுக் கட்டும் அன்றே இருந்தன.

இன்னும் முக்கியமானது புறநானூறு 281. அரிசில் கிழார் பாடியது. போரில் காயப்பட்ட கணவனை வீட்டில் வைத்துக் காக்கிறாள் மனைவி. வீட்டில் இரவ மரத் தழையையும் வேப்பிலையையும் செருகுகிறார்கள். வெண்கடுகைத் தூவுகிறார்கள். மணம் வீசும் புகை போடுகிறார்கள். மணி அடித்து, குழல் ஊதி, காஞ்சிப் பண் பாடி, இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். எதற்காக? காயப்பட்டவனைப் பேய் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக.

வடமொழியில் உள்ள சுசுருத சம்கிதையிலும் இதே மாதிரி ஒரு காட்சி உண்டு. காயப்பட்டவருக்குத் தனி அறை வேண்டும் என்கிறது அந்த நூல். அவர் நகத்தையும் முடியையும் குட்டையாக வெட்டிக்கொண்டு, சுத்தமான வெள்ளைத் துணி உடுத்தியிருக்க வேண்டும். அறையில் கடுகு, வேப்பிலை, நெய், உப்பு சேர்த்து, ஒரு நாளுக்கு இரண்டு வேளையாகப் பத்து நாள் புகை போட வேண்டும். அங்கேயும் சொல்லப்படும் காரணம் ரத்தத்தை நாடி வரும் அரக்கர்கள்தான். புண்ணுக்கு அறுபது வகையான சிகிச்சை முறைகளையும் அந்த நூல் பட்டியலிடுகிறது.

இங்கே மாணவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காரணம் தவறு. பேயும் அரக்கனும் காயத்தை அழுக வைப்பதில்லை. ஆனால் செயல்களில் பல சரி. தனி அறை, சுத்தமான துணி, வெட்டிய நகம், பக்கத்திலேயே விழித்திருந்து கவனிக்கும் ஆள். இவை இன்றைய மருத்துவமனையிலும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வெளியிலிருந்து வந்து காயத்தைக் கெடுக்கிறது என்ற எண்ணம் வரைக்கும் அவர்கள் வந்துவிட்டார்கள். அது என்ன என்பதுதான் தெரியவில்லை.

மஞ்சள் வைத்தியமும் சாணி வைத்தியமும்

இதைச் சொன்னதும் சிலர், "பாத்தீங்களா, நம்ம முன்னோர் அப்பவே எல்லாம் கண்டுபிடிச்சுட்டாங்க" என்று கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

காயத்தில் நம் வீடுகளில் என்னென்ன வைத்தார்கள்? மஞ்சள் பத்து, வேப்பிலை அரைத்தது, தேன், உப்புத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், கோப்பித் தூள், சுண்ணாம்பு, சிலந்தி வலை, சாணி. ஒரே கை வைத்த மருந்துகள்தாம் எல்லாம். தேன் கிருமியிடமிருந்து நீரை உறிஞ்சிவிடும். மஞ்சளுக்கும் வேம்புக்கும் கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் தன்மை ஓரளவு உண்டு என்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. கோப்பித் தூள் ரத்தம் நிற்க உதவுவதுபோல் தோன்றும், ஆனால் காயத்துக்குள் அழுக்கைச் சேர்க்கும். சாணியோ நேராக ஆளைக் கொல்லும். மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் இருக்கும் டெட்டனஸ் கிருமியின் விதைகள் காயத்துக்குள் போனால் தசைகள் விறைத்து, தாடை பூட்டிக்கொள்ளும். தொப்புள்கொடி அறுத்த இடத்தில் சாணி வைத்ததால் இறந்த பச்சிளங்குழந்தைகள் தெற்காசியாவில் ஏராளம்.

ஏன் ஒரே வீட்டில் மஞ்சளும் சாணியும் சேர்ந்து இருந்தன? எது வேலை செய்கிறது, எது கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இல்லாததால்தான். பத்துப் பேருக்கு வைத்து, பத்துப் பேருக்கு வைக்காமல், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் அப்போது எந்த நாட்டிலும் இல்லை. ஐரோப்பாவும் இதில் சளைத்ததில்லை. காயத்தில் சீழ் வந்தால் அது நல்ல அறிகுறி, கெட்டது வெளியேறுகிறது என்று அங்கே நூற்றாண்டுக் கணக்கில் நம்பினார்கள்.

எண்ணிப் பார்த்த மருத்துவர்கள்

மாற்றம் எண்ணிக்கையிலிருந்து தொடங்கியது. வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தார்கள். 1840களில் முதல் பிரிவில் சுமார் 10 விழுக்காடு தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாவதில் சுமார் 4 விழுக்காடு. ஊர்ப் பெண்களுக்கே இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று அழுவார்களாம்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் இதை விடாமல் யோசித்தார். 1847இல் அவருடைய நண்பர் கொலெட்ஷ்கா, பிணப் பரிசோதனையின்போது கத்தி குத்தி, பிரசவக் காய்ச்சலைப் போன்ற நோயில் இறந்தார். செம்மல்வைஸுக்கு விடை கிடைத்தது. முதல் பிரிவு மருத்துவர்கள் பிண அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருகிறார்கள். பிணத்திலிருந்து ஏதோ ஒன்று அவர்களின் கையோடு வருகிறது! குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். அந்த ஆண்டு ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு, ஜூன் மாதம் சுமார் 2 விழுக்காடாக இறங்கியது.

ஆனால் அவரைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. மருத்துவரின் கையே நோயாளியைக் கொல்கிறது என்று சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? 1865இல் மனநல விடுதி ஒன்றில், காயம் சீழ்ப்பிடித்து அவர் இறந்தார். எதை எதிர்த்துப் போராடினாரோ அதுவே அவரைக் கொண்டுபோனது.

அதே 1865 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து வெளியே வந்த 11 வயதுப் பையன் ஒருவனை ஜோசப் லிஸ்டர் பார்த்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட காலை வெட்டிவிடுவதுதான் வழக்கம். லிஸ்டர் வெட்டவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் காயத்தைக் கட்டினார். பையன் பிழைத்தான், காலும் பிழைத்தது. புளிப்பதும் அழுகுவதும் நுண்ணுயிர்களால்தான் என்று லூயி பாஸ்டர் காட்டியிருந்ததை லிஸ்டர் படித்திருந்தார். கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலம் ஊற்றியதையும் கேள்விப்பட்டிருந்தார். இரண்டையும் சேர்த்தார். இந்த முறைக்கு முன் அவரிடம் உறுப்பு நீக்க அறுவை செய்துகொண்ட 35 பேரில் 16 பேர் இறந்தனர். பின்னர் 40 பேரில் 6 பேர். 1867இல் இந்த முறையை அவர் வெளியிட்டார்.

தேர்வுக்கு ஒரு குறிப்பு. லிஸ்டர் கிருமியைக் கண்டுபிடிக்கவில்லை. கிருமிக் கோட்பாட்டைக் காயத்துக்குப் பயன்படுத்தினார். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அந்த அறிவு கிள்ளானுக்கு வந்த கதை

இனி நம் ஊருக்கு வருவோம். 1857இல் ராஜா அப்துல்லா கிள்ளானிலிருந்து 87 சீன ஈயத் தொழிலாளர்களை ஆற்றின் வழியாக அனுப்பினார். ஒரு மாதத்தில் 18 பேர்தான் மிஞ்சினார்கள். மற்றவர்களை மலேரியா கொண்டுபோனது. கோலாலம்பூர் பிறந்ததே இப்படித்தான். 1881இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்த பிறகு, செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். செங்கல் சூளைகள் எழுந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. சூளை, சுரங்கம், ரயில் பாதை, துறைமுகம், பிறகு ரப்பர் என எல்லாமே உடம்பைக் கீறும் வேலைகள். அந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும் பகுதி நம்மவர்கள்.

1900இல் கோலாலம்பூரில் ஒரு நோயியல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. இன்று ஐ.எம்.ஆர். என்று நாம் சொல்லும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதுதான். நுண்ணோக்கியும் கிருமி வளர்க்கும் தட்டும் இங்கே வந்துவிட்டன. அதாவது, லிஸ்டருக்குப் பிறகு ஒரு தலைமுறைக்குள் கிருமி அறிவு கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தது.

அங்கே பணியாற்றிய ஸ்டான்டன், பிளெட்சர் இருவரும் ஒரு கொடிய நோயை ஆராய்ந்து, 1921இல் "மெலியோய்டோசிஸ்" என்று பெயரிட்டார்கள். இதே நோயை அதற்கு முன் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912இல் விவரித்திருந்தார்கள். எலி வழியாகப் பரவுகிறது என்று ஸ்டான்டனும் பிளெட்சரும் நினைத்தார்கள். அது ஈரமண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழும் கிருமி, பெரும்பாலும் தோலில் உள்ள காயம் வழியாக உடம்புக்குள் போகிறது என்பது பின்னர் தெளிவானது. நுண்ணோக்கியில் கிருமியைப் பார்த்துவிட்டாலும், அது எப்படி வருகிறது என்பதைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. வெள்ளத்துக்குப் பிறகு காலில் புண்ணோடு சேற்றில் இறங்கக் கூடாது என்று இன்றும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். கிள்ளானிலும் புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. வாட்சன் என்ன செய்தார்? சதுப்பு நிலத்தில் வடிகால் வெட்ட வைத்தார், புதரை அழிக்க வைத்தார். நோய் குறைந்தது. இது காயத்தைப் பற்றிய கதை இல்லைதான். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம் நமக்கு வேண்டும். நோயாளியின் பழக்கத்தைத் திட்டாமல் அவர் வாழும் இடத்தை மாற்றினால் நோய் குறையும் என்று கிள்ளானிலேயே நிரூபித்துக் காட்டியாயிற்று.

தோட்டத்துக் கால் புண்

அப்படியானால் தோட்டத்தில் புண் ஏன் ஆறவில்லை?

ஒரு தொழிலாளியின் நாளை நினைத்துப் பாருங்கள். விடியும் முன் பெரட்டுக்குப் போக வேண்டும். பிறகு பால் வெட்டு. காலில் செருப்பு இல்லை. லாலான் புல்லும் முள்ளும் கால் முழங்கைக்குக் கீழே கீறிக்கொண்டே இருக்கும். அட்டை கடிக்கும், சொறிந்த இடம் புண்ணாகும். சாதாரணக் கீறல்தான். நல்ல சாப்பாடும் ஓய்வும் உள்ளவருக்கு ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். ஆனால் மலேரியாவாலும் கொக்கிப்புழுவாலும் ரத்தம் வற்றிய உடம்பில், சத்தில்லாத சாப்பாட்டில், தினமும் ஈரத்தில் நிற்கும் காலில், அந்தக் கீறல் அகலமாகி, ஆழமாகி, சில வேளைகளில் எலும்பு வரை போய்விடும். மருத்துவ நூல்களில் இதற்கு "வெப்பமண்டலப் புண்" என்று பெயர்.

டிரசரிடம் மருந்து இல்லாமல் இல்லை. கார்பாலிக், அயோடின், பொட்டாசியம் பெர்மாங்கனேட் எல்லாம் அன்றைக்கே உண்டு. பின்னர் அக்ரிஃபிளேவினும் வந்தது. நாம் இன்றும் "மஞ்சள் மருந்து" என்கிறோமே, அதுதான். பலர் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த டிரசர்கள். ஒருவர் பல நூறு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆனால் புண்ணுக்கு மருந்து மட்டும் போதாது. தினமும் கழுவ வேண்டும், கட்டை மாற்ற வேண்டும், காலை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும். கூலி நாள் கணக்கு. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அப்புறம் யார் படுத்துக் கிடப்பார்கள்? காலையில் கட்டிய கட்டோடு மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டியதுதான். லயத்தில் பல குடும்பங்களுக்கு ஒரே தண்ணீர்க் குழாய் அல்லது கிணறு. புண்ணைக் கழுவும் தண்ணீரே சுத்தமில்லை என்றால் எந்த மருந்து என்ன செய்யும்?

இந்த நிலையைப் பார்த்த பல வெள்ளைக்காரத் துரைமார்களும் அதிகாரிகளும், "இவங்க சுத்தம் பத்தாது" என்று பழியைத் தொழிலாளி மேல் போட்டார்கள். இதுவே அந்தக் காலத்து எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் தொனி. மாணவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுத்தம் என்பது பழக்கம் மட்டும் அல்ல. அதற்குத் தண்ணீர் வேண்டும், நேரம் வேண்டும், செருப்பு வேண்டும், ஒரு நாள் கூலியை இழக்கும் வசதி வேண்டும்.

தொழிலாளர்களுக்கு இது தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதை வழிநடத்தியது. கூலி உயர்வு, துரைக்கு முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை, கள்ளுக்கடை மூடல், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று கேட்ட கோரிக்கைகளோடு, முறையான மருத்துவ வசதி வேண்டும் என்பதும் ஒன்று. பதில் என்ன கிடைத்தது? நாதன் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. தொழிலாளர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பாடநூலில் இந்த வேலைநிறுத்தத்தைக் கூலிப் போராட்டம் என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகாதீர்கள். காயத்தைக் கழுவும் உரிமையும் அதற்குள் இருந்தது.

சயாமில் நடந்த கொடிய சோதனை

சில மாதங்களில் போர் வந்தது. 1942 ஜனவரி 11ஆம் நாள் ஜப்பானியர் கோலாலம்பூரைப் பிடித்தார்கள். மருந்து வருவது நின்றது. பிறகு சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து போன 70,000க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் போனார்கள். வேலை நல்ல வேலை, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டியும், பிடித்து இழுத்தும் கொண்டுபோனார்கள்.

அங்கே காலில் மூங்கில் கீறினால் போதும். அதே வெப்பமண்டலப் புண், ஆனால் பல மடங்கு வேகமாக. மருந்து கிட்டத்தட்ட இல்லை. கிருமிநாசினிக்கு முந்திய காலத்துக்கு எல்லாரும் திரும்பிப் போன மாதிரி ஆயிற்று.

ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளும் அதே பாதையில் வேலை செய்தார்கள். அவர்களோடு ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்துப் போராடினார்கள். கந்தல் துணியைக் கொதிக்க வைத்து மறுபடியும் கட்டினார்கள். உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவினார்கள். மயக்க மருந்து இல்லாமல், விளிம்பு தீட்டிய கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டி எடுத்தார்கள். சில இடங்களில் அழுகிய சதையைத் தின்னப் புழுக்களையே விட்டார்கள். அதற்கும் ஆறாதபோது காலையே எடுத்தார்கள். ஆல்பர்ட் கோட்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர், பர்மா பக்கத்தில் 55 கிலோமீட்டர் முகாமில் சுமார் 120 கால்களை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

இனிதான் நாம் ஒப்பிட வேண்டிய இடம். போர்க்கைதிகளில் சுமார் ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களின் இறப்பு விகிதம் கைதிகளை விட மிக அதிகம். காலராவும் வயிற்றுக்கடுப்பும் மலேரியாவும் புண்ணும் சேர்ந்து அவர்களைக் கொன்றன. காடு ஒன்று, மழை ஒன்று, மருந்துப் பஞ்சம் ஒன்று. வேறுபாடு எங்கே? கைதிகளிடம் ஒழுங்கமைப்பு இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வை, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டு, புண்ணோடு இருப்பவனைப் படுக்க வை என்று சொல்லவும், சொன்னதைச் செய்ய வைக்கவும் ஆள் இருந்தது. தமிழ்த் தொழிலாளர்களில் பலர் குடும்பத்தோடு போனவர்கள். அவர்களுக்கு மருத்துவரும் இல்லை, அமைப்பும் இல்லை. 1943 நடுவில்தான் சிங்கப்பூரிலிருந்து "கே" படை, "எல்" படை என்ற சிறு மருத்துவக் குழுக்களைத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அது மிகவும் தாமதம், மிகவும் குறைவு.

ஆகவே, கிருமிநாசினி இல்லாத இடத்தில் உயிரைக் காத்தது வெந்நீரும் சுத்தத் துணியும் ஓய்வும், கவனித்துக்கொள்ள ஒரு மனிதரும்தான். புறநானூற்றில் வேப்பிலை செருகி விழித்திருந்த அந்த மனைவியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவள் சொன்ன காரணம் பிழை. அவள் செய்த காவல் பிழை இல்லை. சயாமில் கிடந்தவர்களுக்கு அந்தக் காவலே கிடைக்கவில்லை.

போருக்குப் பின்

போருக்குப் பின் பெனிசிலின் பரவலாக வந்தது. சீழ்ப்பிடித்த புண்ணின் கதையே மாறியது. 1957இல் நாடு விடுதலை அடைந்தது. 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்து, டிரசர் வேலைக்கு ஓர் அதிகாரபூர்வப் பெயரும் தகுதியும் கிடைத்தன. ஆனால் மக்கள் வாயில் அவர் கடைசி வரை டிரசர்தான்.

அதற்காகக் காயம் பழங்கதையாகிவிடவில்லை. நீரிழிவு நோய் உள்ள நம் பெரியவர்களைப் பாருங்கள். காலில் சின்னக் கொப்புளம், கவனிக்காமல் விட்டால் விரல் போகும், பிறகு பாதம் போகும். மருந்துக்கடையில் மருந்துக்குக் குறைவில்லை. தினமும் காலைப் பார்ப்பதும், கழுவுவதும், நேரத்துக்கு மருத்துவமனைக்குப் போக லீவு கிடைப்பதும்தான் இன்றும் பிரச்சினை. நூறு ஆண்டுக்கு முந்திய கேள்வி அப்படியே இருக்கிறது.

தேர்வுக்கும் வகுப்புக்கும்

முதலில் கால வரிசை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1847 – செம்மல்வைஸ், வியன்னாவில் கை கழுவும் விதி.
1857 – கிள்ளானிலிருந்து 87 பேர், கோலாலம்பூரின் தொடக்கம்.
1867 – லிஸ்டர் தம் முறையை வெளியிடுதல்.
1900 – கோலாலம்பூரில் ஆய்வுக்கூடம்.
1901 – கிள்ளானில் மால்கம் வாட்சன்.
1921 – "மெலியோய்டோசிஸ்" என்ற பெயர்.
1941 – கிள்ளான் வேலைநிறுத்தம்.
1942–1943 – சயாம்–பர்மா ரயில் பாதை.
1965 – தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். மாணவர்கள் காரண–விளைவுக் கேள்விக்கு விடை எழுதும்போது, ஒரே காரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள். "தொழிலாளர்கள் நோயால் இறந்தனர்" என்பது விடையின் தொடக்கம் மட்டுமே. அடுத்து மூன்று அடுக்காக எழுதுங்கள். உடனடிக் காரணம் கிருமி. அதற்குப் பின்னால் உள்ள காரணம் வெறுங்கால், சத்தில்லாத உணவு, அசுத்தத் தண்ணீர். அதற்கும் பின்னால் உள்ளது நாள்கூலி முறையும், தோட்டத்தில் யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதும். மூன்று அடுக்கையும் ஒரு சான்றோடு எழுதினால் விடைக்குக் கனம் கூடும்.

இன்னொன்று, இரண்டு பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள். "பழைய வைத்தியம் எல்லாம் மூடநம்பிக்கை" என்று எழுதினால் தவறு. "முன்னோருக்கு எல்லாமே தெரியும்" என்று எழுதினாலும் தவறு. எந்தச் செயல் பயன் தந்தது, அதற்குச் சொன்ன காரணம் சரியா என்று பிரித்து எழுதுவதுதான் வரலாறு.

ஆசிரியர்கள் வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. செம்மல்வைஸிடம் எண்ணிக்கைச் சான்று இருந்தும் மருத்துவர்கள் ஏன் ஏற்கவில்லை? கிள்ளான் தொழிலாளர்களின் மருத்துவக் கோரிக்கையை நிர்வாகம் ஏற்காததோடு இதை ஒப்பிடுக.
2. "தொழிலாளர்களின் அசுத்தமே நோய்க்குக் காரணம்" என்று ஒரு காலனித்துவ அதிகாரி எழுதியிருந்தால், அந்தச் சான்றை எப்படி மதிப்பிடுவீர்கள்? அதில் எது விடுபட்டிருக்கிறது?
3. சயாம் பாதையில் போர்க்கைதிகளுக்கும் ஆசியத் தொழிலாளர்களுக்கும் இடையே இறப்பு விகிதம் ஏன் வேறுபட்டது?

வீட்டுப்பாடமாக, தோட்டத்தில் வாழ்ந்த ஒரு பெரியவரிடம் இரண்டே கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். காலில் அடிபட்டால் முதலில் என்ன வைப்பீர்கள்? எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தது? முதல் கேள்விக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை மாணவர்கள் அப்படியே, சொன்ன சொல் மாறாமல் எழுதிக்கொண்டு வரட்டும். எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாற்றுச் சான்று அது. அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வோம்.